மலைக்கும் ஏரிக்கும் நடுவே ஒரு டயர்

சென்னையில் டயர் பிறப்பதற்கு முன்பே அதன் மேல்தோல் பிறந்துவிட்டது. 1946-இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் விளையாட்டு பலூன் செய்யத் தொடங்கிய கே.எம். மாம்மன் மாப்பிள்ளை, 1952-இல் கையில் எடுத்த தொழில் ட்ரெட் ரப்பர். தேய்ந்துபோன டயரின் மேல் புதிதாக ஒட்டி வேகவைக்கிற பட்டை அது. நான்கைந்து ஆண்டுகளில் இந்திய ட்ரெட் ரப்பர் சந்தையில் ஏறத்தாழப் பாதி அவர் கைக்கு வந்தது. மான்ஸ்ஃபீல்ட் என்ற அமெரிக்கக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து எம்.ஆர்.எஃப். தன் முதல் டயரை வெளியே எடுத்தபோது 1961 டிசம்பர் ஆகியிருந்தது. முதலில் தோல், ஒன்பது ஆண்டு கழித்து உடல். இந்த வரிசையை ஒரு வியாபாரியின் சாமர்த்தியம் என்று மட்டும் சொல்லிக் கடந்துவிடக் கூடாது. புது டயர் செய்து விற்பதைவிடப் பழைய டயரைப் புதுப்பிப்பதற்குத்தான் அன்றைய சந்தை காத்துக்கொண்டிருந்தது என்பதற்கு அது சாட்சி. இன்று தாம்பரத்தை ஒட்டிய சிட்லபாக்கத்தில் ஒருவர் தன் மஹிந்திரா தாருக்கோ ஜிம்னிக்கோ, கம்பெனி போட்டுக் கொடுத்த டயரைக் கழற்றிவிட்டு, கொஞ்சம் முரட்டுப் பிடிப்போடும் கைக்கு அடங்கிய விலையிலும் வேறு டயர் தேடினால், அது ஏதோ புதுப் பணக்காரப் பொழுதுபோக்கு என்று தோன்றலாம். தேடல் பழையது. தாம்பரம் வட்டாரத்தில் அதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் பதில் சொல்லிவந்த இடம் டயர் ஆலையோ ஷோரூமோ இல்லை, தேய்ந்த டயருக்கு அந்தப் பட்டையை ஒட்டிக்கொடுக்கும் ரீட்ரேடிங் பட்டறை. அந்தப் பதில் எப்படி வந்தது, ஏன் போயிற்று என்பதைத்தான் இங்கே பார்க்க வேண்டும்.

தொடக்கம் போரில் இருக்கிறது. 1942-இன் முதல் மாதங்களில் மலாயாவும் சிங்கப்பூரும், அடுத்து டச்சுக்காரர்களின் கிழக்கிந்தியத் தீவுகளும் ஜப்பான் வசம் போனபோது, உலகின் இயற்கை ரப்பரில் பத்தில் ஒன்பது பங்கு நேச நாடுகளின் கையைவிட்டு நழுவியது. மிஞ்சிய தோட்டங்களில் முக்கியமானவை இலங்கையிலும் திருவிதாங்கூரிலும் இருந்தன. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்று திருவிதாங்கூரின் பகுதி என்பதை நினைத்தால், ரப்பர் நமக்குக் கூப்பிடு தூரத்தில்தான் விளைந்தது. ஆனால் விளைந்தது படைக்குப் போயிற்று. குடிமக்களின் வண்டிகளுக்கு டயர் பங்கீட்டில் வந்தது. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரிவாயுவில் ஓடிய காலம் அது. கரிவாயுக் கலன்களைச் செய்து பொருத்திய மதுரை டி.வி.எஸ். நிறுவனமே அந்தப் போர்க்காலத்தில் டயர் ரீட்ரேடிங்கிலும் இறங்கியது. இரண்டும் ஒரே மனநிலையின் இரண்டு வேலைகள். வெளியிலிருந்து வர வேண்டியது வரவில்லை, இருப்பதை வைத்து வண்டியை ஓட்டு. இதில் ஒரு கணக்கும் இருந்தது. டயரின் செலவில் பெரும்பங்கு உள்ளே மறைந்திருக்கும் கேசிங்குக்குப் போகிறது, அதாவது நூல் அடுக்குகளுக்கும் ரிம்மைக் கவ்வும் விளிம்புக் கம்பிக்கும் பக்கச்சுவருக்கும். சாலையில் தேய்வதோ மேலே உள்ள ஒன்றிரண்டு விரற்கடை ரப்பர் மட்டும். மேலே தேய்ந்ததற்காக முழு டயரையும் தூக்கிப்போடுவது, அடி தேய்ந்ததற்காகச் செருப்பின் வாரையும் சேர்த்து எறிவது போன்றது. போர் முடிந்து பங்கீடு போன பிறகும் இந்தக் கணக்கு போகவில்லை.

போர் விட்டுச்சென்ற இன்னொன்று ஜீப். தாம்பரத்தில் பிரிட்டிஷ் விமானப்படை தளம் வைத்திருந்தது. நாடு விடுதலையானபின் அது இந்திய விமானப்படையின் கைக்கு வந்து, 1954-இல் பறக்கக் கற்றுக்கொடுப்பவர்களுக்கான பயிற்சிப் பள்ளியும் அங்கே குடிபுகுந்தது. போர் முடிந்ததும் நாடெங்கும் ராணுவம் கழித்துக்கட்டிய ஜீப்புகள் டிஸ்போசலில் ஏலத்துக்கு வந்தன. 1947-இல் மஹிந்திரா பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டி விற்கத் தொடங்கியது. இந்த ஜீப்புகளின் காலில் இருந்த டயரைக் கவனிக்க வேண்டும். அளவு 6.00-16, அதாவது ஆறங்குல அகலமும் பதினாறு அங்குல ரிம்மும். இன்றைய கண்ணுக்குச் சைக்கிள் டயர் மாதிரி ஒல்லியாகத் தெரியும். அதன் மேல் குறுக்கே கட்டை கட்டையாக ரப்பர்ப் பாளங்கள். அமெரிக்கப் படை அந்த வரியமைப்பைத் திசையற்ற வரி என்று அழைத்தது. முன்னே போனாலும் பின்னே வந்தாலும் ஒரே பிடிப்பு. எந்தச் சக்கரத்தில் எந்தப் பக்கமாக மாட்டினாலும் தவறில்லை. போர்முனையில் இருட்டில் டயர் மாற்றுகிறவனுக்கு அது பெரிய வசதி. நல்ல தார்ச்சாலையிலோ அது ஊளையிடும், மழையில் வழுக்கும், பாளங்களுக்கு இடையில் களிமண் அப்பிக்கொண்டால் எளிதில் உதிராது. ஆக, முரட்டு டயரின் மூதாதை என்று நாம் கொண்டாடும் டயர், எந்தத் தரைக்கும் மிகச் சிறந்ததாகச் செய்யப்பட்டதில்லை. எல்லாத் தரையிலும் ஏதோ சமாளிக்கட்டும் என்று படைக் கிடங்கின் வசதிக்காகச் செய்யப்பட்ட ஒன்று. அது நம் ஊரில் நிலைத்ததற்குக் காரணம் அதன் குணம் இல்லை, அது கிடைத்தது என்பதுதான். 1952-இல் சமுதாய வளர்ச்சித் திட்டமும், அறுபதுகளில் ஊராட்சி ஒன்றியங்களும் வந்தபின், பரங்கிமலை, காட்டாங்கொளத்தூர் போன்ற ஒன்றியங்களின் பக்கத்து ஜனங்களுக்கு அரசாங்கம் என்றால் வட்டார வளர்ச்சி அலுவலரான பி.டி.ஓ.வின் ஜீப் என்றாயிற்று.

இந்த வட்டாரத்தின் தரையை அறிந்தால்தான் அந்த டயரின் பொருத்தமும் பொருத்தமின்மையும் புரியும். மேற்கே பல்லாவரம், திரிசூலம், பம்மல் குன்றுகளும் தாம்பரம் சானடோரியத்தை ஒட்டிய பச்சைமலையும். எல்லாம் கருங்கல். 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் எடுத்த கற்கால ஆயுதம் இந்த வட்டாரத்தைத் தொல்லியல் வரைபடத்தில் ஏற்றியது என்றால், இக்குன்றுகளின் பாறைக்கு சார்னகைட் என்று பெயர் சூட்டிய தாமஸ் ஹாலண்ட் நிலவியல் பாடநூலிலும் ஏற்றிவிட்டார். குன்றுகளிலிருந்து கிழக்கே சரிந்தால் சிட்லபாக்கம், செம்பாக்கம், சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் என்று ஏரி ஏரியாகத் தொடுத்து, நீர் கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பில் போய்ச் சேரும். ஏரி நிலம் முழுக்கக் களி. அதையும் தாண்டினால் நீலாங்கரைப் பக்கம் கடல் மணல். கல், களி, மணல் மூன்றும் பதினைந்து கிலோமீட்டருக்குள். மூன்றும் டயரிடம் கேட்பது மூன்று விதம். கல்லுக்குத் தடித்த ரப்பரும் அறுபடாத பக்கச்சுவரும் வேண்டும். இடைவெளி அதிகமானால் கூரிய ஜல்லி அதற்குள் புகுந்து பாளத்தைப் பிய்த்துவிடும். களிக்கு நேர்மாறாக அகன்ற இடைவெளி வேண்டும். சக்கரம் சுற்றும்போது அப்பிய சேற்றை அது தானே வீசி எறிய வேண்டும். மணலில் பாளமும் பட்டனும் பகை. அவை மணலைத் தோண்டிக்கொண்டு இறங்கும். அங்கே வேண்டியது காற்றைக் குறைத்துப் பரப்பை அகலமாக்கிய, ஏறக்குறைய மொட்டையான டயர். ஒல்லி டயருக்கும் ஒரு நியாயம் உண்டு. சேற்றுக்கு அடியில் கெட்டித் தரை இருந்தால் அது சேற்றைக் கத்தி மாதிரி அறுத்துக்கொண்டு போய் அடியைத் தொடும். வற்றிய ஏரிப்படுகையில் அடி தட்டாத களி கிடந்தால் அதே கத்தி வண்டியையும் கூடவே இறக்கிவிடும். எல்லாத் தரைக்கும் ஒரே முரட்டு டயர் என்று யாராவது விற்றால், பல்லாவரத்துக்கும் நீலாங்கரைக்கும் நடுவே எத்தனை விதத் தரை என்று அவர் பார்க்கவில்லை என்று பொருள்.

ஆனால் ஜீப் வைத்திருந்தவர் எத்தனை பேர்? அதிகாரி, எஸ்டேட் முதலாளி, சில மிராசுதார்கள். ஜீப்பை வைத்து ஒரு தொழிலின் வரலாற்றை எழுத முடியாது என்று ஒருவர் மறுத்தால் அவர் சொல்வது சரி. தென்சென்னைப் புறநகரின் உண்மையான காட்டு வண்டி கல்குவாரி லாரி. சென்னை வளர வளர அதன் வீடுகளுக்கும் சாலைகளுக்கும் ரயில் பாதைக்கும் வேண்டிய கருங்கல் ஜல்லி இந்தக் குன்றுகளை உடைத்துத்தான் போனது. வெடி வைத்த பாறையின் கூரிய சில்லுகள் மேல் ஏறி, பள்ளத்திலிருந்து முழு பாரத்தோடு மேலே வந்து, உடனே கிராண்ட் சதர்ன் ட்ரங்க் (ஜி.எஸ்.டி.) ரோட்டில் வேகம் பிடிக்க வேண்டிய வண்டி அது. காலையில் காடு, மதியம் நெடுஞ்சாலை. இதற்கு லாரிக்காரர்கள் கண்ட தீர்வு அச்சுக்கு ஒரு டயர். முன்னால் ரிப், பின்னால் லக். நீளவாக்கில் கோடு ஓடும் ரிப் டயர் ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்கும், சூடாகாது. குறுக்கே ஆழமாக வெட்டிய லக் டயர் எஞ்சினின் இழுவையைத் தரையில் ஊன்றும், கல் வெட்டுவதைத் தாங்கும். வண்டி முழுக்க ஒரே முரட்டு டயர் போடுவது வீண் செலவு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எங்கே பிடிப்பு வேண்டுமோ அங்கே மட்டும் முரடு. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இதே முறையில்தான் ஆழ்துளைக் கிணறு தோண்ட நாடு முழுக்கக் காடுமேடு ஏறின. விளம்பரப் படத்தில் சேறு தெறிக்கப் பாயும் வண்டிகளைவிட அவை கண்ட கரடுமுரடு அதிகம். அவற்றை யாரும் காட்டோட்ட வீரர்கள் என்று பாராட்டவில்லை என்பது வேறு விஷயம்.

பின்னச்சு டயர் வேகமாகத் தேயும். தேய்ந்ததும் பட்டறைக்குப் போகும். இங்கேதான் மலிவும் முரடும் ஒன்று சேர்ந்தன. பட்டறையில் முதலில் கேசிங்கைத் தட்டிப் பார்ப்பார்கள், உள்ளே விளக்குப் பிடித்து நூல் அறுந்திருக்கிறதா, அடுக்கு விட்டிருக்கிறதா என்று பார்ப்பார்கள். தேறினால் பஃபிங். மிச்சமிருக்கும் பழைய ரப்பரைச் சுரண்டிச் சொரசொரப்பாக்குவது. பிறகு சொல்யூஷன் பூசி, குஷன் ரப்பர் ஒட்டி, மேலே ட்ரெட் ரப்பர் சுற்றி மோல்டுக்குள் வைத்து ஆவியில் வேகவைப்பார்கள். மோல்டுக்குள் எந்த வரி வெட்டியிருக்கிறதோ அந்த வரி டயருக்கு வரும். இந்த இடம்தான் முக்கியம். ரிப்பாகப் பிறந்த டயர் லக்காக மறுபிறவி எடுக்கலாம். முன்னச்சில் சாலையோடு தேய்ந்த டயர், அடுத்த பிறவியில் குவாரிக்குப் போகும் பின்னச்சு டயராக மாறலாம். ஆலையில் தயாராகும் டயரை உள்ளபடி வாங்கிக்கொள்ள வேண்டும். பட்டறையிலோ வாடிக்கையாளர் தன் தரைக்கு ஏற்ற வரியைக் கேட்டு வாங்கினார், அதுவும் புது டயர் விலையில் பாதிக்கும் குறைவாக. பிற்பாடு ஜெர்மனியில் பெர்னார்ட் நோவாக் கண்ட முறை வந்தது. வரியோடு முன்பே வேகவைத்த பட்டையைக் கேசிங்கின் மேல் ஒட்டிக் குறைந்த சூட்டில் சேம்பரில் வேகவைப்பது. அமெரிக்காவின் ராய் கார்வர் 1957-இல் அதை வாங்கி பேண்டேக் என்ற பெயரில் உலகெங்கும் பரப்பினார். நம் பக்கத்தில் கோயம்புத்தூரின் எல்ஜி, ட்ரெட் ரப்பரோடு ரீட்ரேடிங் எந்திரங்களையும் செய்து இத்தொழிலில் பெயர் எடுத்தது. இந்த முறையில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு மோல்டு வாங்க வேண்டாம், அலமாரியில் பட்டைச் சுருள் இருந்தால் போதும். வாடிக்கையாளரின் தேர்வு இன்னும் அகலமாயிற்று. கேசிங் ஓய்ந்த பிறகும் டயர் ஓயவில்லை. மாட்டுவண்டிக்குப் போயிற்று. இரும்புப் பட்டா போட்ட கட்டைவண்டியிலிருந்து பிரித்துக் காட்டவே நம் மக்கள் டயர் வண்டி என்று தனிப்பெயர் வைத்தார்கள். அங்கிருந்து டயர் செருப்பு. கிணற்றடியிலும் வயல் வரப்பிலும் முள் தைக்காமல் காத்த அந்தச் செருப்பின் அடியில் லாரியின் வரி அப்படியே தெரியும்.

முரட்டு டயரை மலிவாக்கியது பட்டறை என்பதற்கு எதிராகச் சொல்லக்கூடிய முதல் வாதம் வலுவானது. பட்டறை ஒட்டிய பட்டையைத் தாங்கிய கேசிங் ஆலையில் செய்ததுதானே. 1959-இல் அம்பத்தூரில் டன்லப் ஆலையும், இரண்டாண்டு கழித்துத் திருவொற்றியூரில் எம்.ஆர்.எஃப். ஆலையும் வராவிட்டால் பட்டறை எதை ஒட்டியிருக்கும்? எழுபதுகளின் இறுதியில் எம்.ஆர்.எஃப். இறக்கிய சூப்பர்லக்-78 நாட்டின் அதிகம் விற்ற லாரி டயர்களில் ஒன்றாயிற்று. முரட்டு டயரைப் பரவலாக்கியது ஆலை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? பரவலாக்கியது ஆலை என்பதை ஒப்புக்கொள்கிறேன். மலிவாக்கியது என்பதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. நைலான் நூலால் ஆன கேசிங்கின் பெருமையே எத்தனை ரீட்ரேடிங் தாங்கும் என்பதில் இருந்தது. லாரி முதலாளி புது டயரின் விலையை முதல் ஓட்டத்தின் கிலோமீட்டரால் வகுத்துப் பார்ப்பதில்லை, இரண்டு மூன்று பிறவிகளையும் சேர்த்துத்தான் வகுப்பார். பட்டறை இல்லாவிட்டால் அந்தக் கணக்கே விழுந்துவிடும். புது டயர் விலையின் போக்குக்கு அண்மைக் காலத்திலிருந்தும் ஒரு சான்று இருக்கிறது. லாரி, பஸ்களுக்கான நைலான் டயர்களின் மாற்றுச் சந்தையில், 2011-12 காலத்தில் விலையை ஒருங்கிணைத்து வைத்தார்கள் என்று ஐந்து டயர் நிறுவனங்களுக்கும் அவற்றின் சங்கத்துக்கும் இந்தியப் போட்டி ஆணையம் ரூ.1,788 கோடிக்கு மேல் அபராதம் விதித்தது. 2018-இல் பிறப்பித்த அந்த உத்தரவு 2022 பிப்ரவரியில்தான் வெளியே வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பிவிட்டது, ஆகவே குற்றம் முடிவானது என்று சொல்வதற்கில்லை. ஆனால் ஓர் ஆணையம் இவ்வளவு தூரம் தோண்டிப் பார்க்கும் அளவுக்குக் கேள்வி எழுந்த சந்தை அது என்பது போதும். அந்தச் சந்தையில் சிறு லாரிக்காரரின் பேரம் பேசும் பலம், பக்கத்துப் பட்டறையில் ரீட்ரேட் போட்டுக்கொள்கிறேன் போ என்று சொல்ல முடிந்ததில்தான் இருந்தது.

இரண்டாவது வாதம் உயிரைப் பற்றியது. நெடுஞ்சாலை ஓரங்களில் உரிந்து கிடக்கும் ரப்பர்ப் பட்டைகளைப் பார்க்கும் யாருக்கும் ரீட்ரேட் என்றால் பயம் வரும். பயம் முழுக்கத் தவறு என்று சொல்ல மாட்டேன். கேசிங்கைச் சரியாகப் பார்க்காமல், மலிவு ரப்பரை, வேக வேண்டிய நேரத்துக்கு முன்பே எடுத்துக் கொடுத்த பட்டறைகள் இருந்தன. முன்னச்சில் ரீட்ரேட் போடுவதில்லை என்று கவனமுள்ள லாரிக்காரர்கள் வைத்திருக்கும் வழக்கம் அந்த அனுபவத்திலிருந்து வந்தது. ஆனால் உரிந்த பட்டை எல்லாம் ரீட்ரேட் இல்லை. சாலையோர டயர்த் துண்டுகளைப் பொறுக்கி ஆராய்ந்து அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2008-இல் வெளியிட்ட ஆய்வு, புது டயரும் ரீட்ரேட் டயரும் ஒத்த காரணங்களால்தான் சிதறுகின்றன என்று கண்டது. காற்றுக் குறைவு, அதிக பாரம், சாலைக் குத்து. இன்னொன்றும் உண்டு. பயணிகள் விமான டயர்களைப் பல முறை ரீட்ரேட் செய்வது உலகெங்கும் வழக்கம். திரிசூலம் மலையடியில் மீனம்பாக்கத்தில் வந்து இறங்கும் விமானங்களைப் பார்த்து நாம் பயப்படுவதில்லை. உண்மையில் பயப்பட வேண்டிய மலிவு வேறொன்று இருந்தது. 6.00-16 என்ற அதே அளவில் டிராக்டரின் முன்சக்கர டயரும் வருகிறது. சென்னை செம்பியத்தில் டாஃபே தொடங்கியபின் தமிழ்நாட்டு வயல்களில் டிராக்டர் பெருக, அந்த டயரும் ஊருக்கு ஊர் கிடைத்தது. ரிம்மில் கச்சிதமாக உட்காரும், விலையும் குறைவு. ஜீப்புக்குப் போட்டால் என்ன என்ற சபலம் யாருக்கும் வரும். மணிக்கு முப்பது நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்குச் செய்த டயர் அது. ஜி.எஸ்.டி. ரோட்டில் அறுபதில் போனால் சூடேறும், நேராக மட்டுமே பிடிக்கும் அதன் வரி பிரேக்குக்கும் இழுவைக்கும் உதவாது. டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் வேக எழுத்தையும் பார எண்ணையும் படிக்காமல் அளவை மட்டும் பார்த்து வாங்குவதுதான் ஆபத்தான சிக்கனம்.

பிறகு, கேசிங்கின் நூல் அடுக்குகளை வேறு விதமாக அமைத்த ரேடியல் டயர் வந்தது. இந்தியாவில் 1977-இல் ஜே.கே. டயர் ரேடியலைக் கொண்டுவந்தாலும் நம் சாலையும் பாரமும் அதை நெடுநாள் ஏற்கவில்லை. சாலை நான்குவழியானபின் கார்களில் முதலில், லாரிகளில் மெதுவாக, அது குடியேறியது. நைலானைவிட நீண்ட ஓட்டம், குறைந்த சூடு, டீசல் மிச்சம். ரேடியலைக் குறைசொல்லி நைலான் காலத்துக்கு ஏங்குவதில் அர்த்தமில்லை. ஆனால் அதோடு ஒரு கதவு மூடிற்று. லாரி ரேடியலை ரீட்ரேட் செய்யலாம், செய்கிறார்கள். கார், ஜீப் அளவு ட்யூப்லெஸ் ரேடியலை ரீட்ரேட் செய்யும் வழக்கம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. பக்கச்சுவர் மெலிது, புது டயரும் பட்டறைக் கூலியும் நெருங்கிவந்துவிட்டன. ஆக, சொந்த ஜீப் வைத்திருப்பவர் தன் தரைக்கு ஏற்ற வரியைக் கேட்டு வாங்கும் இடம் இல்லாமல் போயிற்று. அந்த இடத்தை நிரப்பியவை இறக்குமதி டயர்கள். தாய்லாந்திலிருந்தும் சீனாவிலிருந்தும் தைவானிலிருந்தும் வந்த சேற்று டயர்கள், ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமான பிறகும் வந்தன. 2020 ஜூன் 12-ஆம் தேதி மத்திய அரசு டயர் இறக்குமதியைத் தடையற்ற பட்டியலிலிருந்து கட்டுப்பாட்டுப் பட்டியலுக்கு மாற்றியதும் அந்த வழியும் குறுகியது. அதே ஆண்டு அக்டோபரில் புது தார் சந்தைக்கு வந்தது தற்செயல்தான். ஆனால் விளைவு என்னவோ, வாங்குபவர் கூட்டம் பெருகிய நேரத்தில் தேர்வு சுருங்கியது. உள்நாட்டுக் கம்பெனிகள் பலவிதத் தரைக்குமான ஆல்-டெரெய்ன் வரிகளில் கவனம் செலுத்த இந்த இரண்டும் சேர்ந்தே தூண்டின என்று நினைக்கிறேன். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. திருநெல்வேலிக்குப் பக்கம் கங்கைகொண்டானில் அலயன்ஸ் ஆலை பண்ணை, காடு, கட்டுமான வண்டிகளுக்கான முரட்டு டயர்களைச் செய்து வெளிநாடுகளுக்கு அனுப்பிவந்தது. 2016-இல் யோகோஹாமா அதை வாங்கியது. ஒரகடத்தில் அப்பல்லோ, ஸ்ரீபெரும்புதூரில் ஜே.கே., தேர்வாய்கண்டிகையில் மிஷலின். சென்னையைச் சுற்றி டயர் ஆலைகள் வரிசையாக நிற்கின்றன. முரட்டு டயர் மலிவாகக் கிடைக்க ஆலை பக்கத்தில் இருந்தால் போதாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

சிட்லபாக்கத்தில் இப்போது முரட்டு டயருக்கு என்ன வேலை என்று கேட்பவர் உண்டு. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சிக்குள் அடங்கிவிட்ட பேரூராட்சி இது. தெருவெல்லாம் தாரும் கான்கிரீட்டும். வெள்ளம் வருகிறதே என்பது வழக்கமான பதில். 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை பெய்ததை இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு உயரமான வண்டி மேல் பலருக்கு ஆசை வந்ததும் இயல்பு. ஆனால் தேங்கிய நீரில் டயரின் வரி எந்த உதவியும் செய்யாது. நீரின் ஆழமும் எஞ்சினின் காற்றுக்குழாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதும்தான் முடிவுசெய்யும். நனைந்த தார்ச்சாலையில், அகன்ற இடைவெளியும் கெட்டி ரப்பரும் உள்ள சேற்று டயர் சாதாரண டயரைவிட மோசமாகவே நிற்கும். இந்த ஊரில் முரட்டு வரிக்கு உண்மையான வேலை கொடுப்பது தோண்டிப்போட்ட தெரு, மூடாத பாதாளச் சாக்கடைப் பள்ளம், வார இறுதியில் வேடந்தாங்கல் பக்கமோ ஏலகிரியிலோ ஒரு மண் பாதை. இவற்றுக்கு மிதமான ஆல்-டெரெய்ன் வரி போதும். அகலத்தைக் கூட்டுவதில்தான் பணம் வீணாகிறது. பழைய ஜீப்பின் ஆறங்குலம் என்பது ஏறத்தாழ 152 மி.மீ., இன்றைய ஜிம்னி 195-இல் நிற்கிறது, தாரின் பெரிய டயர் 255. மேலும் அகலப்படுத்தினால் ஸ்டியரிங் கனக்கும், எரிபொருள் செலவு கூடும், வளைவில் மட்கார்டில் உரசும், ஸ்பீடாமீட்டரும் பொய் சொல்லத் தொடங்கும். கம்பெனி கொடுத்த அளவிலேயே வரியை மட்டும் ஒரு படி முரடாக்கிக்கொள்வது, பட்டறைக் காலத்து லாரிக்காரர் செய்த அதே காரியம். அவர் கேசிங்கை மாற்றவில்லை, வரியை மாற்றினார். பட்டன் எதுவரை தேயலாம் என்பதற்குச் சட்டம் 1.6 மி.மீ. என்று கோடு போட்டிருக்கிறது. களியிலும் கல்லிலும் அந்தக் கோட்டுக்கு வெகு முன்பே முரட்டு டயரின் முரடு போய்விடும். அதனால் ஆழமான வரியை மலிவான ரப்பரில் வாங்குவது, பார்க்கப் பெரிய லாபம், ஓட்டப் பெரிய நட்டம்.

ரீட்ரேடிங் போய்விடவில்லை. 2022-இல் கழிவு டயர்களுக்கு வந்த உற்பத்தியாளர் பொறுப்பு விதிகள், கேசிங்கை மறுபடி சாலைக்கு அனுப்பும் ரீட்ரேடிங்காரருக்கும் கணக்கில் ஓர் இடம் கொடுத்திருக்கின்றன. பல்லாவரம், பம்மல் குன்றுகளின் குவாரிகளில் பல இன்று பச்சைத்தண்ணீர் நிற்கும் பள்ளங்கள். ஆனால் அந்தக் குவாரி லாரியின் வாரிசுகள் ஊரைவிட்டுப் போகவில்லை. கட்டடத்துக்கு எம்-சாண்ட் ஏற்றிவரும் டிப்பரும், கோடையில் காலை ஐந்து மணிக்கே சிட்லபாக்கத்தின் குறுகிய தெருக்களுக்குள் நுழையும் தண்ணீர் லாரியும்தான் அவை. தெருமுனையில் அது திரும்பும்போது பின்னச்சின் இரட்டைச் சக்கரங்களைப் பார்த்தால் தெரியும். பக்கச்சுவரில் கம்பெனிப் பெயர் பாதி அழிந்திருக்கும். மேலே மட்டும் லக் பட்டை, நேற்று ஒட்டியது போல, கருகருவென்று ஆழமாக.